மேடையில் அந்த அப்பாவைத் திருத்தச் சொல்லாதீர்கள்

சிங்கப்பூரில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு மேடையும் நிதியும் வழங்கும் அமைப்புகளின் தலைவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு பெண் தனியாக நின்று நடிக்கும் எழுபது நிமிட நாடகம் ஒன்றின் பிரதி சில மாதங்களாக உங்கள் மேசைகளில் இருக்கிறது. தாத்தா, அப்பா, மகள் என மூன்று தலைமுறை. ஒரே குடும்பம். நடுவில் குடி. எழுதியவரும் நடிப்பவரும் ஒருவரே. அது அவருடைய சொந்தக் குடும்பம். நான் அந்த நாடகத்தின் மேடை நிர்வாகி. விளக்கு, ஒலி, மேடைப் பொருள்கள், நேரம் எல்லாம் என் பொறுப்பு. மேடைக்குப் பின்னால் நிற்பவள் முன்னால் வந்து பேசும் வழக்கம் இல்லை. ஆனாலும் உங்களில் ஒரு குழு அனுப்பிய பதிலைப் படித்தபின் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. அந்தக் குழுவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மற்ற இடங்களிலும் ஏறக்குறைய அதையேதான் வாய்மொழியாகச் சொன்னார்கள். எனவே இது எல்லாருக்குமான மடல்.

பதிலின் சாரம் இதுதான். கடைசிக் காட்சியில் அப்பா குடியை விட்டுவிடுவதாக மாற்ற வேண்டும். ரப்பர் தோட்டத்தையும் கள்ளுக்கடையையும் பற்றிய பகுதி நம் சமூகத்தைத் தாழ்த்திக் காட்டுவதால் அதை நீக்க வேண்டும். இவற்றுக்கு உடன்பாடு இல்லையென்றால் நாடகத்தை ஆங்கிலத்தில் அரங்கேற்றிக்கொள்ளலாம், அதற்கென்று வேறு விழாக்கள் இருக்கின்றன. எல்லாமே மரியாதையான சொற்களில் எழுதப்பட்டிருந்தன. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்று உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நாடகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரதியைப் படிப்பது வேறு, பார்ப்பது வேறு.

மேடையில் ஒரு மர நாற்காலி, ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு துண்டு. துண்டு தலையில் ஏறினால் தாத்தா. தோளுக்கு வந்தால் அப்பா. இடுப்பில் செருகினால் பாட்டி. டம்ளர் மட்டும் மாறுவதே இல்லை. தாத்தா அதை இரண்டு கைகளாலும் ஏந்துகிறார். அப்பா விளிம்பை விரல் நுனிகளால் பிடித்து மெல்லச் சுழற்றுகிறார். மகளின் கைக்கு வரும்போது அதில் இருப்பது வெறும் பால். அவள் குடிப்பதற்குமுன் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறாள். இதற்கு வசனம் கிடையாது, விளக்கமும் கிடையாது. வீட்டில் எந்தக் குவளையையும் முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் வைக்கப் பழகிய பிள்ளைகளுக்கு அது தெரியும்.

முற்பகுதியில் ஒரு காட்சி வருகிறது. இரவு. வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடு, பத்தாவது மாடி. சிறுமி பாயில் கண்களை மூடிப் படுத்திருக்கிறாள். மின்தூக்கி நிற்கும் ஓசை கேட்கிறது. பிறகு நடைவழியில் செருப்புச் சத்தம். செருப்பு தரையில் இழுபட்டால் இன்று அதிகம் என்று பொருள். சீராக வந்தால் கொஞ்சம்தான். இரும்புக் கதவின் பூட்டில் சாவி முதல் முயற்சியிலேயே நுழைந்துவிட்டால் தூங்கலாம். நுழையாமல் உரசிக்கொண்டே இருந்தால், எழுந்து தம்பியின் பள்ளிப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி மறைக்க வேண்டும். போன தடவை அந்தப் பைதான் சன்னல் வழியாகக் கீழே போனது. இந்தக் காட்சி முழுவதும் நடிப்பவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்பா மேடைக்கு வருவதே இல்லை. ஒலி, நடிப்பவரின் முகம், அவ்வளவுதான்.

நாற்பது நிமிடம் கழித்து அதே ஒலிகள் மறுபடி வருகின்றன. சிறுமி இப்போது மனைவி, ஒரு பையனுக்கு அம்மா. வாழ்நாளில் அவள் ஒரு சொட்டும் குடித்ததில்லை. கணவரும் குடிப்பவர் அல்லர். அன்று அவர் வேலையிலிருந்து தாமதமாக வருகிறார். இரண்டு கைகளிலும் கடைச் சாமான் பைகள் இருப்பதால் சாவி பூட்டில் உரசுகிறது. அவள் சட்டென்று எழுகிறாள், மகனின் பள்ளிப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறாள். ஏன் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பையன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தாத்தாவின் கள் அந்த வீட்டில் இல்லை, அப்பாவின் பீர் போத்தல் இல்லை, பயம் மட்டும் வழிதவறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. தலைமுறை கடந்து வரும் காயம் என்று ஆய்வாளர்கள் எழுதுவதை இவ்வளவு தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை.

இதை ஏன் ஒருவரே நடிக்க வேண்டும், ஐந்தாறு பேரைப் போட்டு முழு நாடகமாக்கலாமே என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஐந்து பேர் நடித்தால் அப்பா வேறு ஆள், மகள் வேறு ஆள் ஆகிவிடுவார்கள். பார்வையாளர் அப்பாவை வெறுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே அப்பாவின் இருமல் மகளின் தொண்டையிலிருந்து வருகிறது. பாட்டியின் கெஞ்சல் எந்தக் குரலில் வந்ததோ அதே குரலில் பேத்தி தன் மகனை அதட்டுகிறாள். ஒரே உடம்பு எல்லாரையும் சுமக்கிறது, அதுதான் இந்த நாடகம் சொல்ல வந்ததே. தனியாள் நின்று ஊரையே மேடைக்குக் கொண்டுவருவது நமக்குப் புதிதும் அன்று. கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். குடியைப் பற்றி நாம் பேசாமல் இருந்ததில்லை, நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் எல்லாப் பேச்சும் குடிப்பவரை நோக்கியது. குடிப்பவரோடு ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம் நம் மேடைகள் பேசியதே இல்லை.

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. பத்துக் குறளிலும் குடிப்பவன் இருக்கிறான். அவனைக் கண்டு நகைக்கும் ஊரார் இருக்கிறார்கள், முகஞ்சுளிக்கும் சான்றோர் இருக்கிறார்கள், பெற்ற தாய்கூட இருக்கிறாள். அவன் பெற்ற பிள்ளை எங்கும் இல்லை. வள்ளுவர்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. எவ்வளவு காலமாக நம் பார்வை ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த ஊர் வரலாற்றிலும் அதே கதைதான். 1932ல் இங்கே தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் கள்ளுக்கு எதிராக இயக்கம் நடத்தியது. அதன் முன்னணியில் இருந்த கோ. சாரங்கபாணியும் அவரோடு இருந்தவர்களும் செய்த பணியை நன்றியோடு நினைக்கிறேன். 1941ல் அண்டை மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடும் பிள்ளைகளுக்குக் கல்வியோடும் சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. இதை ஒரு நிமிடம் நிறுத்திப் படியுங்கள். குடித்துக் கெட்டவர்கள் என்று யாரைச் சொன்னார்களோ, அவர்களே கடையை மூடச் சொல்லிப் போராடினார்கள். சிங்கப்பூரில் கள்ளுக்கடைகள் 1970களின் முடிவில் ஒருவழியாக மறைந்தன. கடை போய்விட்டது, வெற்றி என்று எழுதிக்கொண்டோம். கடை இருந்த காலத்தில் பாயில் படுத்துச் செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள்தாம் நம் அப்பா அம்மாக்கள்.

போதைப்பொருள் விஷயத்திலும் இதுவே. மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு 1971லிருந்து இருக்கிறது. சிறையிலிருந்தும் மறுவாழ்வு நிலையத்திலிருந்தும் திரும்புவோருக்காக 2004ல் மஞ்சள் நாடாத் திட்டம் வந்தது. இரண்டாம் வாய்ப்பு என்ற சொல்லை அது வீட்டுச் சொல்லாக்கியது, மிக நல்ல காரியம். சூதாட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறோம். கேசினோவுக்குள் ஒருவரை விடக்கூடாது என்று குடும்பத்தாரே விண்ணப்பிக்க இங்கே வழி இருக்கிறது. பாதிக்கப்படுவது சூதாடுபவர் மட்டும் அல்லர் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் அது. சட்டம் ஏற்றுக்கொண்டதை நம் தமிழ் மேடை இன்னும் ஏற்கவில்லை.

வெளிநாட்டிலும் குடும்பத்தின் முறை தாமதமாகத்தான் வந்தது. குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணையாகும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935ல் அமெரிக்காவில் தொடங்கியது. அவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் முறையான அமைப்பாக உருவாக 1951 ஆனது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் வந்தது 1957ல். கடைசியாக நினைவுக்கு வந்தவர்கள் பிள்ளைகள்.

இது எத்தனை வீட்டுக் கதை என்று கேட்பீர்கள். 2016ல் நடந்த சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, இங்குள்ள பெரியவர்களில் 4.1 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மதுவைத் தீங்கு தரும் அளவுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஏறக்குறைய 24 பேரில் ஒருவர். எல்லா இனத்தாரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அந்த ஒருவருக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1998ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, சிறுவயதில் வீட்டில் பட்ட துன்பங்களை வகை வகையாகக் கணக்கெடுத்தது. குடிப்பவரோடும் போதைப்பொருள் பயன்படுத்துபவரோடும் வாழ்ந்ததும் அதில் ஒரு வகை. நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவுமே படாதவர்களைவிடப் பிற்காலத்தில் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் நான்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு என்று அது காட்டியது. இதைப் படித்துவிட்டு விதி என்று உட்கார வேண்டியதில்லை. குடிநோய்க்கான சாய்வில் ஏறக்குறைய பாதி மரபணுவிலிருந்து வருகிறது, மறுபாதி வாழ்ந்த சூழலிலிருந்து. குடிப்பவர் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் குடிநோயாளிகள் ஆவதில்லை. ஆகாதவர்களும் எதையோ சுமந்துகொண்டுதான் திரிகிறார்கள். நாடகம் பேசுவது அவர்களைப் பற்றி. நானும் அவர்களில் ஒருத்தி. என் அப்பாவுக்குச் சம்சு என்னும் மலிவான சாராயம். அதற்கு மேல் இந்த மடலில் என்னைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

இப்போது உங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

அப்பா திருந்த வேண்டும் என்கிறீர்கள். அந்த அப்பா திருந்தவில்லை. ஈரல் கெட்டு, ஐம்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். அதுவே நடந்தது. திருந்தும் அப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாடகம் போடுங்கள், நானே வந்து விளக்குப் போடுகிறேன். ஆனால் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் நாற்பது வயது மகனின் அப்பா திருந்தாமல் போயிருந்தால், மேடையில் திருந்தும் அப்பா அவனுக்கு என்ன சொல்கிறார்? உன் வீட்டில் அன்பு போதவில்லை, உன் அம்மா இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம், நீ இன்னும் நன்றாகப் படித்திருந்தால் அவர் நிறுத்தியிருப்பார் என்று சொல்கிறார். சின்ன வயதிலிருந்து அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கும் அதே பொய். அப்பா திருந்தாவிட்டாலும் பிள்ளைகளுக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்பதுதான் இந்த நாடகத்தின் நம்பிக்கை. கடைசிக் காட்சியில் அவள் மகனின் பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, ஏன் மறைத்தேன் என்று அவனிடம் சொல்லத் தொடங்குகிறாள். நம்பிக்கை இல்லாத நாடகம் என்று எழுதியவர்கள் அந்தப் பக்கத்தைத் தயவுசெய்து மறுபடி படியுங்கள்.

தோட்டத்தையும் கள்ளுக்கடையையும் எடுக்கச் சொல்வதன் பின்னால் இருக்கும் அச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. இந்த ஊரில் நாம் சிறுபான்மை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. குடிகாரர்கள் என்ற கேலியைப் பள்ளிக்கூடத்தில் கேட்காத தமிழ்ப் பிள்ளைகள் என் தலைமுறையில் குறைவு. 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் ஒரு சாலை விபத்து மரணத்தைத் தொடர்ந்து கலவரம் மூண்டபின் அந்தக் கேலி இன்னும் தைரியமாக வெளியே வந்தது. 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கத் தடை என்பது தீவு முழுமைக்கும் பொருந்தும். ஆனால் லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் கூடுதல் கட்டுப்பாட்டு வட்டாரங்கள் ஆயின. தேக்கா என்று நாம் அழைக்கும் லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை நடந்துபோகும் எந்தத் தமிழருக்கும் அந்தக் கட்டுப்பாட்டைச் சொல்லும் அறிவிப்புப் பலகை நெஞ்சில் எங்கோ குத்தும். எனக்கும் குத்தும்.

அந்த அச்சத்துக்கு மருந்து, தோட்டக் காட்சியை வெட்டுவதில் இல்லை. அந்தக் காட்சிதான் மருந்து. அதில் தாத்தா சொல்வதைக் கவனியுங்கள். விடிவதற்குமுன் பால் வெட்டப் போக வேண்டும். கூலி கைக்கு வரும் நாளில் கள்ளுக்கடை திறந்திருக்கும். அந்தக் கடை தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கும், அதிகாரிகளின் உரிமத்தோடு இருக்கும். பள்ளிக்கூடம் போக நடக்க வேண்டிய தூரத்தைவிட அதற்கு நடக்க வேண்டிய தூரம் குறைவு. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது. குடி எங்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று கேலி செய்பவர்களிடம், யார் எங்கே எதற்காகக் கடை வைத்தார்கள் என்று எடுத்துக்காட்டும் ஒரே காட்சியை நீங்கள் நீக்கச் சொல்கிறீர்கள். அதை நீக்கிவிட்டால் மேடையில் மிஞ்சுவது காரணமே இல்லாமல் குடிக்கும் ஒரு தமிழர். நீங்கள் அஞ்சும் அவப்பெயரை அப்போதுதான் நாம் நம் கையாலேயே எழுதிக் கொடுப்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் அமைப்புகள் பலவற்றின் ஆண்டு விருந்துகளுக்கு வேலை செய்யப் போயிருக்கிறேன். மேசைக்கு மேசை விஸ்கி போத்தல் வைக்கப்படுகிறது. யாரும் அதைச் சமூகத்தின் பெயருக்கு இழுக்கு என்று சொல்வதில்லை. போத்தல் மேசையில் இருக்கலாம், அதன் விளைவு மேடையில் வரக்கூடாது என்ற இந்த ஏற்பாடு எனக்கு வேதனை தருகிறது.

ஆங்கிலத்தில் போடச் சொன்னதுதான் என்னை அதிகமாகப் பாதித்தது. அந்த வீட்டில் சண்டை தமிழில் நடந்தது. கெஞ்சல் தமிழில், வசவு தமிழில், அடுத்த நாள் காலையில் தலையைத் தடவிக்கொண்டு அப்பா மன்னிப்புக் கேட்டது தமிழில். பாட்டி பாடிய தாலாட்டை எந்த மொழியில் பாடச் சொல்கிறீர்கள்? ஒவ்வோர் ஏப்ரலிலும் தமிழ்மொழி விழா கொண்டாடுகிறோம். இளையர்கள் வீட்டில் தமிழ் பேச வேண்டும் என்று ஒவ்வொரு மேடையிலும் கேட்கிறோம். வீட்டில் உண்மையில் நடந்ததைத் தமிழில் பேச ஓர் இளையர் வந்தால், அதை மட்டும் வேறு மொழியில் பேசு என்கிறோம். அப்புறம் அந்த மொழி அவர்களுக்கு எதற்கு? பேச்சுப் போட்டிக்கா?

அதோடு, இதைப் பார்க்க வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கில நாடகம் எட்டாது. சென்ற மாதம் நண்பர்கள் சிலரை அழைத்து ஒரு முன்னோட்டம் போட்டோம். பாட்டி சம்பள உறையை அரிசி டின்னுக்குள் புதைத்து வைக்கும் காட்சி முடிந்து, நாடகமும் முடிந்து, எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா நடிப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அரிசி டின்னில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், அம்மா. நான் முருகன் படத்துக்குப் பின்னால் வைப்பேன். எவ்வளவு குடித்தாலும் அங்கே கை வைக்கமாட்டார்" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய மகனுக்கு ஐம்பது வயது இருக்கும். "அம்மா, நீங்கள் இதைச் சொன்னதே இல்லையே" என்றார். இருவரும் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். நாங்கள் மேடைப் பொருள்களைக் கட்டி முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் போட்டிருந்தால் அந்த அம்மா வந்திருக்கவே மாட்டார்.

உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்வி மட்டும் என்னை யோசிக்க வைத்தது. இறந்துபோனவரைப் பற்றி இப்படி மேடையில் பேசலாமா, குடும்பத்தின் சம்மதம் இருக்கிறதா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. நடிப்பவர் முதல் வரி எழுதுவதற்குமுன் தம் அம்மாவிடமும் தம்பியிடமும் கேட்டார். தம்பி உடனே சரி என்றார். அம்மா ஒரு வாரம் பேசவே இல்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லக்கூடாது. அது என்ன என்று எனக்கும் தெரியாது. பிரதியில் அது இல்லை. நாடகத்துக்கு அது இருந்தால் இன்னும் வலு சேர்ந்திருக்கும் என்று நடிப்பவர் நினைக்கிறார், ஆனாலும் சேர்க்கவில்லை. தன் வாழ்க்கையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்யும் உரிமை அந்த அம்மாவுக்கு உண்டு. அந்த உரிமை ஒரு செயற்குழுவுக்கு எங்கிருந்து வரும்? வயதுக்கு ஏற்ற வகைப்பாட்டை முடிவு செய்யத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது. பிரதியை அங்கே சமர்ப்பிக்கப் போகிறோம், என்ன வகைப்பாடு தந்தாலும் அதன்படி நடப்போம். அதற்கு முன்னால் இன்னொரு தணிக்கை நமக்குள்ளேயே வேண்டாம்.

பள்ளி மாணவர்களை மொத்தமாகக் கொண்டுவந்து உட்கார வைக்கலாமா என்று ஓர் அமைப்பு ஆர்வத்தோடு கேட்டது. நல்லெண்ணத்துக்கு நன்றி, ஆனால் வேண்டாம். உயர்நிலை ஒன்றில் படிக்கும் பிள்ளை, முந்தின இரவு வீட்டில் நடந்ததை வகுப்புத் தோழர்களுக்கு நடுவில் உட்கார்ந்து மேடையில் பார்க்கக்கூடாது. பெரிய பிள்ளைகள் விரும்பினால், தாங்களாகவோ நம்பும் ஒரு பெரியவரோடோ வரட்டும். விழிப்புணர்வு நாடகமாக இதைச் சுருக்கி இருபது நிமிடத்தில் தரும்படி கேட்டதற்கும் இதே பதில்தான். இதன் இறுதியில் சொல்ல முழக்க வரி எதுவும் எங்களிடம் இல்லை.

நாங்கள் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு சிறிய அரங்கு போதும். பெரிய மண்டபம் வேண்டாம், பிரமுகர் உரை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அரங்கு முழு இருட்டாக இருக்காது, கதவு பூட்டப்படாது. எழுந்துபோக நினைப்பவர் யார் காலையும் மிதிக்காமல் எழுந்துபோக வேண்டும் என்பதால் இருக்கைகளுக்கு நடுவே அகலமான வழி விடுவோம். தமிழில் பேசக்கூடிய ஓர் ஆலோசகர் வெளியே தேநீர் மேசையருகே இருக்க வேண்டும். சமூக சேவை அமைப்புகளோடு உங்களுக்கு இருக்கும் தொடர்பு எங்களுக்கு இல்லை, இதில் உங்கள் உதவி மிகவும் தேவை. மனநலக் கழகத்தில் இயங்கும் போதைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவைப் பற்றியும், மன உளைச்சலில் இருப்போர் அழைக்கக்கூடிய சமாரித்தன்ஸ் அமைப்பின் 1767 எண்ணைப் பற்றியும் தமிழில் அச்சிட்ட ஒரு சிறிய அட்டை ஒவ்வோர் இருக்கையிலும் இருக்கும். மது நிறுவனம் எதன் ஆதரவும் ஏற்க மாட்டோம். ஒரே நாளில் இரண்டு காட்சி போட மாட்டோம். எழுபது நிமிடம் தன் அப்பாவாக இருந்துவிட்டு வரும் ஒரு பெண்ணுக்கு மறுநாள் ஓய்வு வேண்டும், அந்த ஓய்வைக் காப்பது மேடை நிர்வாகியான என் பொறுப்பு.

வாரக் கடைசியில் ஒரு காட்சியை நம் வெளிநாட்டு ஊழியர்களுக்காக இலவசமாக வைக்க விரும்புகிறோம். டாஸ்மாக் கடைகள் இருக்கும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு இங்கே உழைப்பவர்கள். இந்த நாடகத்தை அவர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியிருக்காது.

வரும் ஒத்திகைகளுக்கு உங்கள் செயற்குழுவில் யார் வேண்டுமானாலும் வரலாம். வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் கேளுங்கள். பார்த்தபின்னும் இடம் தர முடியாது என்று முடிவெடுத்தால், அது உங்கள் உரிமை. அப்போது காரணத்தை எழுத்தில், தமிழில், நடிப்பவரின் பெயருக்கே அனுப்புங்கள். அவருடைய அம்மா அதைப் படிக்க விரும்புகிறார்.

இப்படிக்கு,
அந்த நாடகத்தின் மேடை நிர்வாகி
ஈசூன், சிங்கப்பூர்